சுங்கை பெசாரில் ஒரு வண்டு

புக்கிட் ரோத்தான்,
கோல சிலாங்கூர்.
14-9-1986, ஞாயிறு காலை

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் ரெங்கசாமி அவர்களுக்கு,

செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி நிறுக்கிற எடைமேடையில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் உங்கள் தங்கை புருஷன் ஐயாவு, இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் சைக்கிள் கடையும் சுகமாக இருக்கும். நானும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் பேனா அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது, மச்சான். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது. ஆகையால் என் சுகத்தைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வந்துகொள்ளுங்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை காளியம்மாவைத் தயவு செய்து திருப்பி அனுப்பி வையுங்கள். அவள் உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு இருபத்தெட்டு நாள். "சும்மா அண்ணனைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லியிருப்பாள். சும்மா வந்தவள் வடையைப் பாதி வேக்காட்டில் எண்ணெயிலேயே விட்டுவிட்டு வருவாளா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை, நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் சிபி ரேடியோ உங்களுக்குத் தெரியும். மைக்கின் பொத்தானை அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால் மற்றவர்கள் பேசுவது கேட்கும். அந்தப் பெட்டிதான். ஜெராமிலிருந்து சபாக் பெர்ணம் வரை எங்களைப் போல் பொழுதுபோக்குக்காக அதை வைத்திருக்கும் தமிழர்கள் ஒன்பது பேர், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒன்றுகூடி பொது அறிவுப் போட்டி நடத்துகிறோம். பரிசு எதுவும் கிடையாது. யாரும் புத்தகத்தைப் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். பார்த்தாலும் யாருக்குத் தெரியும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதே. எல்லாம் நம்பிக்கைதான். தஞ்சோங் காராங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மதார் சாகிபு பாய்தான் நடத்துநர். அவருடைய ஏரியல் மாடிக்கும் மேலே நிற்பதால் தெற்கும் வடக்கும் அவருக்குக் கேட்கும். எனக்கு உங்கள் ஊர் சுங்கை பெசார் எட்டாது. அங்கே பேசுவதை அவர் கேட்டு எனக்குச் சொல்வார், நான் பேசுவதை அங்கே சொல்வார். காற்றில் எல்லோருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. பாய்க்கு 'சங்கு'. உரம் ஏற்றுகிற லோரி ஓட்டிக்கொண்டே பதில் சொல்லும் செல்லையாவுக்கு 'பத்துச் சக்கரம்'. எனக்கு அவர்களாகவே வைத்த பெயர் 'களஞ்சியம்'. இந்த இரண்டு வருடத்தில் நான் சொல்லாத பதில் இல்லை, அதனால்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அந்தப் பதில்களில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

ரேடியோ எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரி மேல் இருக்கிறது. ஏரியல் கம்பி அந்த ஜன்னல் வழியாகத்தான் வர முடிந்தது. கேள்வி வரும்போது காளியம்மா அடுப்படியில் நின்று, மறுநாள் ஆலை வாசலில் விற்கிற பலகாரத்துக்கு மாவு அரைத்துக்கொண்டோ வடை தட்டிக்கொண்டோ இருப்பாள். பலகாரம் சுற்ற பழைய பேப்பர் கட்டுக் கட்டாக வாங்குவாள் அல்லவா, ஒவ்வொரு தாளையும் கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுவாள். தமிழ், மலாய், எது கிடைத்தாலும். நாலாம் வகுப்போடு நின்றவள் என்று நாங்கள் பெண் பார்க்க வந்தபோது நீங்கள்தானே சொன்னீர்கள். நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் பேப்பர் நிற்கவில்லையே. மங்கோலியாவின் தலைநகரம் எது என்று பாய் கேட்பார், நான் பொத்தானிலிருந்து விரலை எடுப்பேன், அவள் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே "உலான் பாத்தர்" என்பாள், நான் பொத்தானை அமுக்கி, தொண்டையைச் செருமி, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி ஓர் இடைவெளி விட்டு, "உலான் பாத்தர்" என்பேன். "அலாமாக்! களஞ்சியம்னா களஞ்சியம்தான்!" என்று செல்லையா லோரி ஹாரனை அடிப்பார். முதல் வாரம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், மச்சான். இரண்டாவது வாரம் சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து அது என் தலையிலிருந்துதான் வருகிறது என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

இருங்கள், ஏரியலை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்துவிட்டேன். நேராகத்தான் இருக்கிறது. காலையிலிருந்து இது நான்காவது தடவை.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி ஞாயிறு. பாய் ஒரு கேள்வி கேட்டார்: "நம்ம கோல சிலாங்கூர் ஆத்தங்கரையில ராத்திரி மின்னுதே மின்மினி, அது எந்த இனத்தைச் சேர்ந்தது?" காளியம்மா "வண்டு" என்றாள். எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. நம் ஊர்ச் சமாச்சாரமாயிற்றே, இதிலாவது நானே சொந்தமாக ஒரு பதில் சொல்வோம் என்று தோன்றிவிட்டது. பொத்தானை அமுக்கி, கம்பீரமாக, "ஈ இனம்" என்றேன். சரியான விடை வண்டு.  "என்ன அண்ணே, களஞ்சியமே தப்புப் பண்ணிட்டாரு, உடம்பு சரியில்லையா?" என்றார் பாய். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "வாய் தவறிவிட்டது" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "வீட்டுல ஒரே தொந்தரவு, பாய். ஒண்ணும் தெரியாத பொம்பள பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருந்தா கவனம் எங்க நிக்கும்?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கரண்டியை வைத்தாள். அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். அறைக்குப் போய் ஒரு பையில் மூன்று சேலையை வைத்துக்கொண்டு வந்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு எட்டு மணிக்குள் சமாதானம் ஆகியிருப்போம். அவள் வாசற்படியில் நின்று, ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "வண்டு." பிறகு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனால் இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று ஆலையில் எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் நாள் கிள்ளானிலிருந்து மகள் ஆலைக்கே போன் பண்ணினாள். "அப்பா, நீங்க என்ன பண்ணீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. பண்ணுனத எங்க வச்சுப் பண்ணீங்களோ, அங்கயே வச்சு மன்னிப்புக் கேளுங்க. அம்மா அவ்வளவுதான் சொல்றாங்க" என்று வைத்துவிட்டாள். எங்கே வைத்துப் பண்ணினேன்? காற்றில். ஒன்பது பேர் நடுவில். ஆகையால் காற்றிலேயே, ஒன்பது பேர் நடுவிலேயே, பதில் சொன்னது நான் அல்ல என் மனைவி என்று ஒப்புக்கொள்வது என்று முடிவெடுத்தேன். இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள், மச்சான். நான் ஒப்புக்கொள்ளாமல் இல்லை. மூன்று ஞாயிறும் ஒப்புக்கொண்டேன். மூன்று தடவையும் என்ன ஆயிற்று என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதல் ஞாயிறு, ஆகஸ்ட் இருபத்து நான்கு. குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரேடியோவில் யாருக்கும் சட்டை தெரியாதுதான், எனக்கு அப்படித் தோன்றியது. நான்கு மணி அடித்ததும் மற்றவர்களை முந்திக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். பாய், செல்லையா, நண்பர்களே, என்று தொடங்கி, பதினொரு நிமிடம் பேசினேன். இரண்டு வருடக் கதையையும் சொன்னேன். உலான் பாத்தரைச் சொன்னேன், வண்டைச் சொன்னேன். கடைசியில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பொத்தானை விட்டுவிட்டு, என்ன சொல்லப் போகிறார்களோ என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.  என்னை ஒதுக்கிவிட்டார்கள், இனி என்னோடு பேசவே மாட்டார்கள் என்று அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வெளியே வந்து பார்த்தால், செம்பனைக் காட்டுக் குரங்குக் கூட்டம் ஏரியல் கம்பத்தைச் சாய்த்துப் போட்டு, கம்பியை இழுத்துக்கொண்டுபோய் சேம்பு இலைக்கு நடுவில் வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறது. பதினொரு நிமிடமும் நான் அந்த அலமாரியோடுதான் பேசியிருக்கிறேன். நான் வராததைப் பார்த்து எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்ட பாய், மறுநாள் செல்லையா லோரியில் ஆட்டுக்கால் சூப்பு அனுப்பி வைத்தார். அதையும் குடித்தேன். குடிக்கும்போது இன்னும் பெரிய திருடன் ஆனேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. புதன்கிழமை எடைமேடையில் நானே நின்றுகொண்டு ஒரு லோரியை நிறுத்தேன். வெள்ளிக்கிழமையும் நின்றேன். "கிராணி, நீங்க எறங்குங்க லா, பழத்தத்தான் நிறுக்கணும், ஒங்கள இல்ல" என்று டிரைவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது ஞாயிறு, ஆகஸ்ட் முப்பத்தொன்று, மெர்டேக்கா தினம். சுதந்திர நாள் சிறப்புப் போட்டி. கம்பத்தை நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். நான்கு மணிக்கு பாய் தொடங்கும்போதே, "நண்பர்களே, ஒரு நல்ல செய்தி. சுங்கை பெசார்ல புதுசா ஒருத்தங்க நம்மளோட சேந்திருக்காங்க. பெண் குரல். புனைபெயர் என்னன்னு கேட்டேன். 'வண்டு'ன்னு சொல்றாங்க" என்றார்.

மச்சான், மைக் என் கையிலிருந்து கீழே விழுந்தது.

அந்தப் பெட்டியை மூன்று வருடத்துக்கு முன்னால் நான்தானே உங்களுக்குக் கொடுத்தேன்? நான் புதுசு வாங்கியதும் பழையதை, ஏரியலோடு, நானே வந்து மாட்டி, எப்படிப் பேசுவது என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேனே? நீங்கள் ஒரு நாளாவது போட்டீர்களா? பூப் போட்ட துணியால் மூடி, அதன் மேல் சாமி படத்தை வைத்தீர்கள். அவள் வந்து இரண்டு வாரத்தில் காற்றில் ஏறிவிட்டாள். ஏறியதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் தலைநகர்? நான் சிட்னி என்றேன், வண்டு கான்பெரா என்றது. ஒட்டகத்தின் திமிலில் என்ன இருக்கிறது? நான் தண்ணீர் என்றேன், வண்டு கொழுப்பு என்றது. "எங்க வாப்பா ஒட்டகத்தக் கிட்டப் பாத்தவரு, அவரே தண்ணின்னுதான் சொல்வாரு, ஆனா இங்க விடைத்தாள்ல கொழுப்புன்னுதான் இருக்கு" என்று பாய் அரை மனதோடு அவளுக்குப் புள்ளி கொடுத்தார்.

நான் இனியும் தாமதிக்கக்கூடாது என்று பொத்தானை அமுக்கி, ஒரே மூச்சில், "பாய், எனக்கு ஒண்ணும் தெரியாது, இத்தனை நாளா பதில் சொன்னது என் மனைவி, ஒங்கள ஏமாத்துனது நான்தான்" என்றேன். அதே நேரத்தில் செல்லையா செகிஞ்சான் சாலையில் ஒரு மாட்டைக் கண்டு, "பிரேக் பிரேக்! நடு ரோட்டுல மாடு! யாராச்சும் வந்தா மெதுவா வாங்க!" என்று குறுக்கே பேசிவிட்டார். ஒரே நேரத்தில் இருவர் பேசினால் பாதிதான் கேட்கும். பாய்க்குக் கேட்ட பாதியை அவர் உங்கள் ஊருக்குத் திருப்பிச் சொன்னது என் இரண்டு காதிலும் விழுந்தது: "வண்டு, வண்டு, களஞ்சியம் என்ன சொல்றாருன்னா, 'ஒண்ணும் தெரியாது என் மனைவிக்கு, எல்லாம் நான்தான்'."

"இல்ல பாய்! இல்ல!" என்று கத்தினேன். மாடு இன்னும் சாலையில்தான் நின்றது போலிருக்கிறது, செல்லையா மறுபடி குறுக்கே வந்தார். பாயின் குரல் மட்டும் கேட்டது: "வண்டு பதில் சொல்றாங்க, அண்ணே. 'எல்லாம் தெரிஞ்சவர்ல, நம்ம நாட்டுக் கொடியில எத்தன கோடுன்னு சொல்லச் சொல்லுங்க.' நல்ல கேள்விதான், மெர்டேக்கா அன்னிக்கு. சொல்லுங்க களஞ்சியம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆலை ஆபீஸ் முன்னால் கொடி தெரியும். ஆனால் பொட்டுக் காற்று இல்லை. கம்பத்தோடு ஒட்டித் துவண்டு கிடந்தது. மைக் கம்பி நீளும் வரை போய், கழுத்தை நீட்டிப் பார்த்தேன். சிவப்பு தெரிந்தது, வெள்ளை தெரிந்தது, எத்தனை என்று தெரியவில்லை. நாடு சுதந்திரம் அடைந்தபோது பதினொரு மாநிலம், அந்தக் கணக்கில் "பதினொண்ணு" என்றேன். பதினான்காம். நட்சத்திரத்துக்கும் பதினான்கு முனையாம். மெர்டேக்கா தினத்தில், சொந்த நாட்டுக் கொடியில், என் பெண்டாட்டியிடம் தோற்றேன்.

மூன்றாவது ஞாயிறு, போன வாரம். குரங்கு வரவில்லை. மாடு வரவில்லை. செல்லையாவை முன்கூட்டியே பிடித்து, நான் பேசும்போது வாயைத் திறக்கக்கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லி வைத்தேன். எழுதி வைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, ஒரு சொல்கூட விடாமல் படித்தேன். எல்லாமே என் மனைவியின் அறிவு, எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது, அவளை நான் இதே காற்றில் கேவலப்படுத்தினேன், அது பெரிய தவறு. எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. பொத்தானை விட்டேன்.

ஒருத்தரும் நம்பவில்லை, மச்சான்!

"பாத்தீங்களா லா, இதுதான் பெரிய மனுஷன்!" என்றார் செல்லையா. "ரெண்டு வாரமா தோத்துக்கிட்டு இருக்காரு, அப்பக்கூட இருக்கிற பேரயும் பெண்டாட்டிக்குக் கொடுக்குறாரு பாருங்க. எங்க வீட்டுல கேக்கட்டும், நான் ஒரு டீத்தண்ணி பெருமகூட கொடுத்ததில்ல." ஜெராம்காரர் "நெறகுடம்" என்றார்.  நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பாய் சுங்கை பெசாருக்குத் திருப்பிச் சொன்னார்: "வண்டு, நம்ம களஞ்சியத்தோட மனசப் பாருங்க. எல்லாம் அவரோட அறிவுதான், இருந்தாலும் பெண்டாட்டி சொல்லித்தான் தெரியும்னு அடக்கமாச் சொல்றாரு. இப்படி ஒரு புருஷன் கெடைக்க அந்தம்மா கொடுத்து வச்சிருக்கணும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன், "வண்டு என்ன சொல்றாங்க, பாய்?"

"ஒண்ணும் சொல்லல, அண்ணே. பாத்திரம் ஏதோ கீழ விழுந்த மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டுச்சு."

அது என்ன பாத்திரம் என்று உங்களுக்குத்தான் தெரியும். நசுங்கியிருந்தால் நான் வேறு வாங்கித் தருகிறேன்.

ஆகையால், மச்சான், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். அவள் கேட்டது காற்றில் மன்னிப்பு. நான் மூன்று தடவை கேட்டாயிற்று. ஒரு தடவை குரங்கு, ஒரு தடவை மாடு, ஒரு தடவை என் நல்ல பெயர். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்வான்? இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவளே படித்துவிடுவாள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் அண்ணன் வாயால் கேட்டால் ஒரு மதிப்பு. நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், இனி அவள்தான் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். கோல சிலாங்கூர் பஸ் நிலையத்தில் நான் நிற்கிறேன்.

இன்று மாலையும் போட்டி இருக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அதிகப் புள்ளி எடுத்தவர் கேள்வி கேட்பார். இந்த முறை யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. பயப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆலையில் எஞ்சினியரிடம் பழைய உலகப் படம் ஒன்று வாங்கி, நாற்பத்து மூன்று நாட்டின் தலைநகரத்தை நெட்டுருப் போட்டிருக்கிறேன். பிரேசிலின் தலைநகர் பிரசிலியா. மனித உடம்பில் எலும்பு இருநூற்றாறு. சூரிய வெளிச்சம் பூமிக்கு வர எட்டு நிமிடம். கேட்கட்டும். இந்த ஐயாவு யாரென்று இன்றைக்கு அவளுக்கும் தெரியட்டும்.

இதை நாளைக் காலை ஆறு மணிக்கு உங்கள் பக்கம் உரம் ஏற்றிக்கொண்டு வரும் செல்லையாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கடை பெருக, கால் வலி குறைய, குறையில்லாமல் நீங்கள் எல்லோரும் இருக்க வேண்டும் என்று கும்பிட்டு முடிக்கும்,

உங்கள் தங்கை கணவன்,
சு. ஐயாவு

பின்குறிப்பு: மணி ஐந்தரை. போட்டி முடிந்துவிட்டது. மேலே நான் எழுதியதில் தேதியைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

நான்கு மணிக்கு பாய் என்னை அழைத்த குரலே சரியில்லை. "அண்ணே, வண்டு இன்னிக்கு அவங்க யாருன்னு சொல்லிட்டாங்க. நான் சொன்னதுக்கெல்லாம் மன்னிச்சுக்குங்க. கேள்வி எல்லாம் ஒங்களுக்கு மட்டுந்தானாம். மத்தவங்க கேட்டுக்கிட்டு இருக்கலாமாம். இதெல்லாம் நான் திருப்பிச் சொல்லணுமான்னு தெரியல, ஆனா நடத்துநர் கடம." நான் நாற்பத்து மூன்று தலைநகரத்தையும் மனதில் வரிசையாக நிறுத்திக்கொண்டு, "கேக்கச் சொல்லுங்க, பாய்" என்றேன்.

முதல் கேள்வி: "நான் தேத்தண்ணிக்கு எத்தன கரண்டி சீனி போட்டுக் குடிப்பேன்?" இரண்டு என்றேன். சீனியை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறதாம், மச்சான். கிளினிக்கில் குறைக்கச் சொன்னார்களாம். பக்கத்தில் உட்கார்ந்துதான் நானும் தினமும் குடித்திருக்கிறேன்.

இரண்டாவது: "போன வருஷம் ஆலை வாசல்ல வழுக்கி விழுந்து எந்தக் கையில கட்டுப் போட்டேன்?" கட்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போதும் வடை நிற்காமல் வந்ததே, ஆகையால் இடது கையாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, "இடது" என்றேன். வலதாம். மூன்று வாரம் இடது கையால் சுட்டாளாம். நான் தின்றிருக்கிறேன், வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாவது, அவள் செருப்பு எத்தனாம் நம்பர் என்று. செல்லையாவுக்குப் பொறுக்கவில்லை. சட்டத்தை மீறி, "ஏழுன்னு சொல்லுங்கண்ணே, எங்க வீட்டுல ஏழுதான்" என்று முணுமுணுத்தார். ஏழு என்றேன். ஐந்தாம். ஜெராம்காரர் கேட்டுக்கொண்டே இருந்தவர், "நாம எல்லாரும் கொஞ்சம் வீட்டுக்குள்ள போய்ட்டு வருவோமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நான்காவது கேள்வியைச் சொல்ல பாய் நேரம் எடுத்துக்கொண்டார். "எனக்கும் ரெங்கசாமி அண்ணனுக்கும் நடுவுல பொறந்தவ பேரு என்ன?" நான் அவசரப்பட்டு, "அப்படி யாரும் இல்லையே, பாய், அவங்க ரெண்டு பேர்தான்" என்றேன்.  பிறகு பாய் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "இருந்தா. கங்கா. ஆறு வயசுல, தோட்டத்து லயத்துல, காய்ச்சல்ல போயிட்டா."

எங்கள் மகள் பெயர் கங்கா, மச்சான். பெயர் வைக்கிறபோது காளியம்மா அதே பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். புண்ணிய நதியின் பெயர் என்று இருபத்திரண்டு வருடமாக நான்தான் ஊரெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவள் ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை. நானும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை, ஆனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை.

"நாலுக்குப் பூஜ்யம், அண்ணே" என்றார் பாய், மெதுவாக. அப்புறம், "வண்டு இன்னொன்னு சொல்றாங்க. அடுத்த வாரமும் இதே மாதிரிக் கேள்விதானாம். படிச்சிட்டு வரச் சொல்றாங்க" என்றார்.

இதை எந்தப் புத்தகத்தில் படிப்பது? ஆகையால் தங்கையை அனுப்ப வேண்டாம். செவ்வாய்க்கிழமை பஸ் வேண்டாம். நான் ஆலையில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டேன். செல்லையாவிடம் கடிதத்தைக் கொடுத்து அனுப்பவில்லை, கடிதத்தோடு நானும் ஏறி வருகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது உங்கள் கடை வாசலில், காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில், பையோடு நிற்கிற ஆள் நான்தான். வாயால் சொன்னால் எப்படியும் தப்பாகத்தான் போய்ச் சேரும் என்பதால் எழுத்தாகவே நீட்டினேன். உள்ளே வரச் சொல்வதா, வேண்டாமா என்பது அவள் இஷ்டம், போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வந்த லோரியிலேயே திரும்ப வேண்டும், செல்லையாவுக்கு உரம் இறக்க நேரமாகிறது, எஞ்சினை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகையால், மச்சான், இந்தக் கடிதத்தை மட்டும் கொஞ்சம் சீக்கிரமாகப் படித்துவிடுங்கள்.